சஹருக்கு எழுப்பாத வாசல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷ ரமலான் நோன்பு கத்திரி வெயிலோடு வந்தது. அதற்குப் பத்து நாள் முன்புதான் சபீஹாவை டாக்டர் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "உங்க அத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. சாயங்காலம் போடற ஊசி மறுநாள் முழுக்க வேலை செய்யும். பட்டினி கிடந்தா ரத்தத்துல சர்க்கரை ஒரேயடியா எறங்கிடும், வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். உடனே சர்க்கரைத் தண்ணி குடுக்கணும். இல்லேன்னா ஆள் தங்க மாட்டார்."

சபீஹாவுக்குப் பதினைந்து வயது. அம்மா இல்லை. அண்ணன் கப்பலோடு போயிருந்தான். ராயபுரத்துச் சந்து வீட்டில் அவளும் தகப்பனார் ஷாகுல் ஹமீதும்தான். டாக்டர் சொன்னதை அவள் சொன்னபோது அவர் சிரித்தார். "அறுபது வருசமா வெக்கிற நோன்பு. டாக்டர் பொறக்கறதுக்கு மின்னயே வெச்சவன் நானு."

முதல் நாலு நோன்பையும் அவர் விடாமல் வைத்தார். நாலாம் நாள் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததைச் சபீஹா பார்த்தாள். அன்று சாயங்காலமே, விடியுமுன் சாப்பிடும் சஹருக்குக் கொட்டடித்து ஊரை எழுப்பும் பக்கீர் மஜீதைத் தெருமுனையில் மடக்கினாள்.

"மாமு, நாளைக்கி எங்க வாசலாண்ட மட்டும் அடிக்காத போறியா?"

"ஏம்மா, உங்க அத்தா வைதாரா?"

"ஒடம்பு சரியில்ல மாமு. தூங்கட்டும்."

"நாய்க்குப் பயந்து சந்த மாத்திகினு போயிருக்கேன். நோன்பாளிக்குப் பயந்து போறது இதான் மொத வாட்டி" என்று சொல்லிவிட்டுப் பக்கீர் தலையாட்டினார்.

அத்தாவுக்குக் காது மந்தம். வாசலிலேயே நின்று அடித்தால்தான் எழுவார். சஹர் தவறினால் அன்றைய நோன்பை விட்டுவிடுவார் என்பது அவள் போட்ட கணக்கு. விடியற்காலை கொட்டுச் சத்தம் பக்கத்துச் சந்தோடு திரும்பிப் போனதைக் கேட்டுக்கொண்டே அவளும் தூங்குவதுபோல் கிடந்தாள்.

கிழக்கு வெளுத்த பிறகு அவர் எழுந்தார். "சஹர் போச்சா?"

"நானும் தூங்கிட்டேன் அத்தா. இன்னிக்கி வுட்டுடு."

"சஹர் துன்னலன்னா நோன்பு கெடயாதா? எவன் சொன்னான்?" வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வெறும் வயிற்றோடு அன்றைய நோன்பை நோற்பதாக நிய்யத் வைத்துக்கொண்டார்.

சபீஹா அடுப்படிக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வைத்தாள். நேற்றுவரை நாலு வாய்ச் சோறாவது உள்ளே போயிருந்தது. இன்று அதையும் அவள்தான் பிடுங்கியிருக்கிறாள்.

பத்து மணிக்கு அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பதினோரு மணிக்கு, "விஞ்ச நிறுத்துடா, ஆளு கீறான் கீழ" என்று யாரையோ அதட்டினார். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. அவள் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். உதட்டை விலக்கி, விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினாள். பாதி அவர் தாடியில் வழிந்தது. யா அல்லா, இதை நான்தானே செய்தேன், நான்தானே செய்தேன் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு அவராகவே உறிஞ்சினார்.

கால்மணி கழித்து அவர் கண் அவளை அடையாளம் கண்டது. "மக்ரிப் ஆயிடுச்சா?"

வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நோன்பு திறக்கும் நேரம் ஆயிடுச்சு என்று சொல்லிவிடலாம்தான். நாக்கு எழவில்லை.

"இல்ல அத்தா. பட்டப்பகலு."

"இன்னா?"

அவர் காதருகே குனிந்து கத்த வேண்டியிருந்தது. "நாந்தான் ஊத்தினேன்! பக்கீர் மாமுவ வராதன்னு சொன்னதும் நாந்தான்! நாலு ராவா நான் தூங்கல. நீ மூச்சு வுடறியான்னு உன் மூக்காண்ட கைய வெச்சுப் பாத்துக்கினே கீறேன். எனக்கு பயமா கீது அத்தா!"

எதிர்வீட்டில் அம்மிச் சத்தம் நின்றுபோனது.

அவர் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு அவள் முகத்தையே பார்த்துக் கேட்டார். "நீ சஹர் துன்னியா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"கதவச் சாத்து."

சாத்திவிட்டு வந்தாள். அவர் தம்ளரை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் கலக்கு. சோறு கீதா?"

"கீது."

"எடுத்துகினு வா. சத்தம் போடாத."

தெருவில் யாரோ நடந்துபோகும் சத்தம் கேட்டு அவள் உதட்டில் விரல் வைத்ததும் அவர் முதல் கவளத்தோடு கையை அப்படியே நிறுத்தினார். அந்தக் காலடி சந்து தாண்டும்வரை இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவர் சாப்பிட்டார்.