எபிசன் அண்ணன் மூடின செவரு

எங்க வீட்டுச் செவருல பூசணம் பிடிச்சப்போ யாரைக் கூப்பிடணும்னு நாங்க ஒரு நிமிஷம்கூட யோசிக்கல்ல. எபிசன் அண்ணன் இருக்காருல்லா. எங்க வேதக்கோயில் சபைச் செயலாளர். செவருல ஊறுற ஈரத்த, ஓதத்த எடுக்குற கான்ட்ராக்ட் செய்றவரு. நம்ம கோயில் ஆளு நம்மள ஏமாத்தவா போறாருன்னு எனக்க மாப்பிள்ளை ஜெபிஷ் சொன்னாரு. இதுக்கு முன்னால எந்த வீட்டுல என்ன வேலை செஞ்சாருன்னு யாரும் கேக்கல்ல. கேட்டா மரியாதைக் குறைச்சலாம்.

பத்மநாபபுரம் கோட்டைக்கு வெளிய எங்க வீடு. வருஷத்துல ரெண்டு மழையும் விடாது. எபிசன் அண்ணன் வந்தாரு, முன்ரூம் செவர அளந்தாரு, பூசணக் கறுப்பு மேலேயே பெயிண்டை அடிச்சாரு. அதுக்கு மேல பளபளன்னு பிவிசி பலகைய வரிசையா அறைஞ்சு மூடிட்டாரு. பாக்க கொள்ளாம்னு போட்டோ எடுத்து குவைத்துல இருக்க நாத்தனாருக்கு அனுப்பினோம். வெக்கக்கேடு.

அடுத்த மழைக்கு எங்க மக ராகேலுக்கு இழுப்பு தொடங்கிச்சு. யுகேஜி படிக்குற பிள்ளை, ராத்திரி உக்காந்துட்டே தூங்குவா. டாக்டர் முதல்ல கேட்டதே வீட்டுல ஓதம் உண்டான்னுதான். அத சரி பண்ணாம மருந்து மட்டும் குடுத்துப் பிரயோஜனம் இல்லன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. வீடெல்லாம் ஒரே நாத்தம்னு எபிசன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அது புதுப் பலகைக்க மணம்னாரு. பெறவு போன எடுக்கவே இல்ல. பிள்ளைய உள்ரூம்ல மாத்திப் படுக்க வச்சும் அந்த நாத்தம் விடல்ல.

எனக்கு வெப்ராளம் தாங்கல்ல. நானே ஆள் தேடினேன். வந்தவனெல்லாம் செவருக்க நீளம் அகலம் கேட்டான், ஏதோ ஒரு பெயிண்டு பேரச் சொன்னான், போனான். குளச்சல்லேருந்து வந்த சகாயசெல்வி மட்டும், இந்தச் செவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு கேட்டா. குளிமுறின்னேன். நேரா அங்க போய் குழாயத் தொறந்து, மூடி, செவரத் தடவிப் பாத்தா. குழாய் உள்ள கசியுதுன்னு சந்தேகம், பலகையக் கழத்திப் பாக்காம நான் உறுதியா சொல்லமாட்டேன், வேலையும் எடுக்கமாட்டேன்னுட்டா. முன்னால வேலை செஞ்ச வீட்டுக்காரங்க நம்பரத் தந்து, அவியகிட்ட கேட்டுட்டுக் கூப்பிடச் சொன்னா. எல்லாருகிட்டயும் கேட்டேன். ரெண்டு மழை தாண்டியும் செவரு காஞ்சு கிடக்குன்னாவ.

ஜெபிஷ் ஒத்துக்கல்ல. அவ கடற்கரைக்காரி, நம்ம சபையும் இல்லன்னாரு. கோயில் அசன விருந்து முடியட்டும், பெறவு பாக்கலாம்னாரு. கடைசியில உள்ளதச் சொன்னாரு.

“ஏட்டி ஜெஸ்மி, எபிசன் அண்ணன் செஞ்ச வேலைய இன்னொருத்திய வச்சுக் கழத்தினா, நாளைக்குக் கோயில்ல அவரு முகத்துல எப்படி முழிக்க?”

“பிள்ளை முகத்துல தெனமும் முழிக்கியளே, அது பரவாயில்லியா?”

அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்க வீட்டு முறை. முன்ரூம்ல பாய் விரிச்சு எல்லாரும் இருந்தாவ. எபிசன் அண்ணன் அவரு அடிச்ச பலகைக்கு முன்னாலேயே சம்மணம் போட்டு உக்காந்தாரு. ராகேல் இருமினா. பிள்ளைக்காக ஜெபிப்போம்னு அவள மடிக்குப் பக்கத்துல இழுத்து, தலையில கைய வச்சு, ஆண்டவரே இந்தச் சிறு மகளுக்கு சுவாசத்தைத் தாரும்னு தொடங்கினாரு. குரல் வேற தழுதழுத்துச்சு.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிஞ்சுது. செவர மூடினவனே சுவாசம் கேக்கான். ஆண்டவருகிட்ட!

அவரு கைக்குக் கீழேருந்து பிள்ளையத் தூக்கி ஜெபிஷுக்க கையில குடுத்து, முற்றத்துக்குக் கொண்டு போகச் சொன்னேன். எபிசன் அண்ணன் கண்ணத் தொறக்கல்ல. கை வெறும் காத்துல நிக்குது, ஜெபம் போய்க்கிட்டிருக்கு. நான் அடுக்களையிலேருந்து வெட்டுகத்திய எடுத்துட்டு வந்து பலகை இடுக்குல குடுத்து நெம்பினேன். படார்னு சத்தம். ஒருத்தரும் கண்ணத் தொறக்கல்ல. ஜெபத்துல கண்ணத் தொறக்கக்கூடாதுன்னு ஞாயிறுபள்ளியில அடிச்சுப் பழக்கினது அப்படி. அவரு என் சத்தத்துக்கு மேல குரல உயர்த்தினாரு. நான் அடுத்த பலகையப் பிடுங்கினேன்.

நாத்தம் குபீர்னு வந்துச்சு. ஒவ்வொருத்தரா இருமத் தொடங்கினாவ, கண்ணத் தொறந்தாவ. செவரு தரையிலேருந்து ஆளு உயரத்துக்குக் கரியாட்டு கறுத்து, தண்ணி வடிஞ்சுக்கிட்டிருந்துச்சு.

“இதப் பாத்துக்கிட்டு மிச்சத்த ஜெபியுங்க அண்ணா”ன்னேன்.

அவரு ஆமென்கூட சொல்லல்ல. காலநிலை, அது இதுன்னு என்னமோ முணுமுணுத்தாரு.

வாசல்ல பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நின்ன ஜெபிஷ் செவரப் பாத்தாரு, அவரப் பாத்தாரு. எல்லாரும் இருக்கச்சிலேயே போன எடுத்துப் பேசினாரு.

“சகாயசெல்வி மேடமா? ஜெஸ்மிக்க மாப்பிள்ளை பேசுறேன். பலகையக் கழத்தியாச்சு, நீங்க வாங்க.”