கழிவுத் தட்டில் ஈரல்

1

இந்தக் கதை எனக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவள் ஆற்றுமீனில் விஷம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள். உள்ளே அவள் தங்கைக்கு ஸ்கேன். அவள் சொன்னது பாதி, மீதி நான் இட்டு நிரப்பியது. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவள் நான். ரசாயனத்தில் தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

2

முதல் வரி இப்படி வந்தது: 'வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல் ஆறு...'

வேண்டாம். ஆலைக்கழிவு ஓடுகிற தண்ணீருக்கு வெள்ளி எதற்கு?

ஆய்வுக்கூடத்தில் மீனைத் தோலுரித்து, சதையை மட்டும் அரைத்துச் சோதிப்பார்கள். தலை, குடல், ஈரல் எல்லாம் கழிவுத் தட்டுக்கு. அதுதான் முறை. சதையில் விஷம் வரம்புக்குள் இருந்தது. அக்கா உடனே தங்கைக்குப் போன் போட்டாள்.

"தாராளமா சாப்பிடுடி. நானே பாத்துட்டேன்."

"நீ சொன்னா சரிக்கா. மீன் புடிக்கிறவன் பொண்டாட்டியே தின்னலைன்னா, அப்புறம் யாரு வாங்குவா?"

3

சில மாதம் கழித்துத் தங்கை வீட்டில் சாப்பாடு.

"ஈரலை மட்டும் எனக்குன்னு எடுத்து வெச்சிடுறாரு. புள்ளத்தாச்சிக்கு நல்லதாம். பாவம், அவருக்கு வாலுதான்."

அக்காவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மறுநாள் யாரையும் கேட்காமல் ஒரு ஈரலைச் சோதித்தாள். விஷம் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது.

[இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. வீட்டில் மீனை எப்படித் தின்பார்கள் என்று தெரியாதவளா? அவளும் ஈரலுக்குச் சண்டை போட்டு வளர்ந்தவள்தான். வெள்ளைக் கோட்டை மாட்டியதும் அது கழிவாகிவிட்டது, அவ்வளவுதான்.]

4

முடிவு ஒன்று: ஸ்கேனில் குறையில்லை, எல்லோரும் சுகம். அடித்துவிட்டேன். ஸ்கேனுக்குக் கையும் காலும் தெரியும், விஷம் தெரியுமா?

முடிவு இரண்டு: அக்கா உண்மையைச் சொல்கிறாள். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, 'நீதானேக்கா...'

அதற்குமேல் எழுத வரவில்லை.

நான் கண்டது இதுதான். கதவு திறந்து தங்கை சிரித்தபடி வந்தாள்.

"எல்லாம் நல்லாருக்காம்க்கா. வா, வீட்டுக்குப் போலாம். பெரிய மீனு மாட்டியிருக்காம். ஈரல்ல உனக்குப் பாதி."

ஈரல் விஷயத்தைச் சொல்லிவிடத்தான் அக்கா வந்திருந்தாள். வாய் திறந்தது.

"பாதி வேணாம்டி. முழுசும் எனக்கே குடு."

"பேராசைக்காரி," என்றாள் தங்கை.

இருவரும் கைகோத்துப் படியிறங்கினார்கள். நாளைக்குப் பிடிக்கிற மீனுக்கும் ஈரல் இருக்கும். அந்த வீட்டு வாசல்வரை என் பேனா வருகிறது, உள்ளே வரமாட்டேன் என்கிறது. நீங்கள் போங்கள், கண்ணுகளா. அடுப்பு மூட்டுவதற்குள் போங்கள்.