திரையின் மூலையில் என் மகள்

செய்தியில் பெரிய மனிதர்கள் பேசும்போது திரையின் மூலையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் வரும். அதற்குள் நின்று, அவர்கள் பேச்சைக் கையால் சொல்கிறவள் என் மகள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அவளுக்கு நன்றாகக் கேட்கும். நாட்டில் இந்த வேலைக்கு மொத்தம் ஆறே பேர், அதில் ஒருத்தி என் வயிற்றில் பிறந்தவள். சொல்லிக்கொள்ள எனக்கென்ன கூச்சம்?

நான் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். கடையில் ஒரு டிவி உண்டு. "காது கேக்காதவங்களுக்கு டிவி ஒரு கேடா" என்று எதிர் மருந்துக்கடைக்காரர் ஒருநாள் யாரிடமோ சொன்னார். எனக்கு உதடு படிக்கத் தெரியும் என்பது அந்த மகானுக்குத் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை குடிநீர்த் துறை அதிகாரி பேட்டி கொடுத்தார். ஊரில் பிள்ளைகளுக்கெல்லாம் வாந்தி. தண்ணீரில் குறையே இல்லை என்றார் அவர். ஒரு நிருபர் கிழக்குத் தொட்டியைப் பற்றிக் கேட்டதும், மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உதவியாளர் பக்கம் திரும்பினார்.

அவருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த என் மகளின் கை நிற்கவில்லை. அந்த அறையில் காதில் விழுவது எதுவானாலும், இருமல் உட்பட, கையில் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் விதி. சொன்னாள்: "அதிகாரி மைக்கை மூடிக்கிட்டுச் சொல்றாரு. கிழக்குத் தொட்டியில சாக்கடை கலந்திருக்கு. இன்னைக்கு வேண்டாம், அப்புறம் சொல்லிக்கலாம்."

காது உள்ள நாடு முழுக்க ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சாக்பீஸால் கடைக் கதவில் எழுதினேன்: பைப் தண்ணி குடிக்காதீங்க, கிழக்குத் தொட்டியில சாக்கடை. மருந்துக்கடைக்காரர் வந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் வாயை அகலத் திறந்து, "டிவியில அப்படி ஒண்ணும் சொல்லலையே" என்றார். மாடி வீட்டுக்காரி அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவளுடைய இரட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டு நாளாக வாந்தி. பிடித்துவைத்த தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து தெருவில் கொட்டினாள். பிறகு ஒவ்வொரு வீடாகக் கொட்டியது.

மறுநாள் மத்தியானம் துறையே ஒப்புக்கொண்டது. சாயங்காலம் என் மகளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"கை தவறிடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் கொடுக்கணுமாம். இல்லைன்னா இனிமே வரவேண்டாமாம்."

"நீ என்ன சொன்னே?"

"என் காது எனக்கு மட்டும் இல்ல சார், எங்க அம்மா அப்பாவுக்கும் சேர்த்துத்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. எழுதிக் கொடுத்துத் தொலையேன் என்று சொல்ல என் கை பாதி எழுந்துவிட்டது. சட்டென்று மடியில் போட்டுக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பேட்டி. தெருவே என் கடையில் நின்றது. மருந்துக்கடைக்காரர் ஸ்டூலோடு வந்திருந்தார். அதிகாரி மேடையில் உட்கார்ந்திருக்கிறார், பேசவில்லை. மூலையில் வட்டம் காலி. வட்டத்தில் ஆள் இல்லாமல் அரசு அறிவிப்பைத் தொடங்கக் கூடாது என்பது சட்டம். மற்ற ஐந்து பேரில் ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தருக்கு முதுகுவலி, மூன்று பேர் போனையே எடுக்கவில்லையாம்.

பத்து நிமிடம் போயிற்று. அதிகாரி தண்ணீர் குடித்தார். பாட்டில் தண்ணீர்தான்.

கடையில் என் பக்கத்தில் நின்றிருந்த என் மகளுடைய போன் அதிர்ந்தது. ஒரு கையில் அதைக் காதோடு வைத்துக்கொண்டு, மறு கையால் எனக்குச் சொன்னாள்.

"கார் அனுப்புறாங்களாம்."

"கடிதம்?" என்று கேட்டேன்.

அவள் போனில் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வேண்டாமாம். சீக்கிரம் வந்தா போதுமாம்."

கறுப்புச் சட்டைதான் அவர்களுக்குச் சீருடை. அவளுடையதை வாங்கி மேசையில் விரித்தேன். காலர், கை, முதுகு என்று ஒன்றையும் விடாமல் தேய்த்தேன். கார் வந்து வாசலில் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்திருப்பார் போலிருக்கிறது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாடி வீட்டுக்காரி என் தோளைத் தட்டி, திரையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரியைக் காட்டினாள்.

நான் சட்டையைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை தேய்த்தேன்.