மேயரைத் தூக்கிய அதிகாரப் பகிர்வு

வணிக நிர்வாகம் படிக்கும் டீகன் புரூவிட், பயிற்சிக்கான விண்ணப்பத்தைக் கடைசி நாளில்தான் அனுப்பினாள். கூடப் படித்தவர்கள் பிரிஸ்பேனில் வங்கி, காப்பீடு என்று கண்ணாடிக் கட்டடங்களுக்குள் நுழைந்தார்கள். டீகனுக்குக் கிடைத்தது வரிங்கா ஊரில், நடமாடும் கழிப்பறைகளை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனி.

முதலாளி க்ளெனிஸ் டார்ப்பிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. முழங்கால் மடங்காது, வாய் ஓயாது. முதல் நாளே டீகன் வெள்ளைப் பலகையில் ஒரு பிரமிடு வரைந்து, மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டினாள்.

"சாப்பாடு, தூக்கம், கழிவு எல்லாம் அடித்தட்டு. அதுக்கு மேலதான் பாசம், மரியாதை எல்லாம் வரும்."

"அப்ப நம்ம கம்பெனி அடியில கெடக்குதுங்குற."

"அடி இல்லாம மேல எதுவும் நிக்காதுல்ல?"

"இதை வண்டிக்குப் பின்னால எழுதலாம் போல இருக்கே" என்று சொல்லிவிட்டு க்ளெனிஸ் தன் இறைச்சி பஃப்ஸைக் கடித்தார்.

கம்பெனியில் லாரி ஓட்ட இரண்டு பேர். மெர்வ் ஒல்லி, எதற்கெடுத்தாலும் ஒரு கருத்துச் சொல்வான். சியோனே டோங்கா தீவுக்காரன், நல்ல ஆகிருதி, ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடுகிறவன். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகியிருந்தது. சியோனேயின் மகள் கல்யாணத்துக்குக் கழிப்பறை இறக்கப் போன மெர்வ், பன்றிகளை மண்ணுக்குள் புதைத்து வேகவைத்திருந்த குழிமேலேயே லாரியைப் பின்னுக்கு எடுத்துவிட்டான். மன்னிப்புக் கேட்கவில்லை. "மண்ணுக்கடியில பன்னி இருக்குன்னு எவன் கண்டான்?" என்றுதான் கேட்டான். அன்றிலிருந்து மெர்வ் சொல்வதை க்ளெனிஸ் சியோனேயிடம் சொல்வார், சியோனே சொல்வதை மெர்விடம் சொல்வார். க்ளெனிஸ் பக்கத்தில் இல்லையென்றால் அவரவர் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

முரட்டுக் காளைகள்மேல் சவாரி செய்யும் ரோடியோ விழா நெருங்கும் நேரம் பார்த்து க்ளெனிஸின் முழங்கால் அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்தது.

"என்னமோ தலைமைப் பண்புன்னு படிச்சியே, நடத்திப் பாரு" என்று டீகனிடம் சாவிக்கொத்தைப் போட்டுவிட்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டீகன் அதிகாரப் பகிர்வைத் தேர்ந்தெடுத்தாள். அதிலேதான் அவள் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். தேங்காய்த் துருவல் போட்ட கேக் வாங்கி வைத்து இருவரையும் உட்காரவைத்தாள்.

"இனிமே எங்கிட்ட எதுவும் கேக்க வேண்டாம். களத்துல நீங்கதான் நிக்கிறீங்க, முடிவும் உங்களோடதுதான்."

"சம்பளமும் எங்க முடிவுதானா?" என்றான் மெர்வ்.

"அது இல்ல."

"அப்ப நீ பிரிச்சுக் குடுக்கறது வேலைம்மா, அதிகாரம் இல்ல."

சியோனே கை தூக்கினான். "கேக்கக் கூடாதுன்னா, கேக்கலாமான்னு கேக்கலாமா?"

ரோடியோ அன்று கூட்டம் நெரிந்தது. மதியத்துக்குள் காளைப் பட்டிக்குப் பக்கத்துக் கழிப்பறை வரிசையில் தொட்டியெல்லாம் நிரம்பிவிட்டது. அந்த வரிசையை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விடலாம் என்று மெர்வ் யாரையும் கேட்காமல் முடிவெடுத்து, ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தான். கடைசிக் கதவு மட்டும் உள்ளே தாழிட்டிருந்தது. "கடைசில ஆள் இருக்கு, மத்ததை எடுக்கலாம்" என்று வழக்கம்போல வேலிக்கம்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டு பீர் வாங்கப் போனான். சியோனே அப்போது லாரிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான், அது அவன் காதில் விழவில்லை. அவனும் யாரையும் கேட்காமல் ஒரு முடிவெடுத்தான்: எந்த வரிசையையும் கடைசியிலிருந்து எடுப்பதுதான் சுலபம்.

ஃபோர்க்லிஃப்ட் அந்தக் கழிப்பறையைத் தூக்கி லாரியில் வைத்தது. உள்ளே ஏதோ குரல் கேட்டது. ஒலிபெருக்கிச் சத்தம் என்று நினைத்த சியோனே, பின்வாசலில் நெரிசலாக இருந்ததால் லாரியை மைதானத்தின் ஓரமாகவே ஓட்டினான். உள்ளேயிருந்து கதவை இடிக்கும் சத்தம் வந்ததும் கூட்டம் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது.

மெர்வ் பீரை வீசிவிட்டு லாரிக்கு முன்னால் பாய்ந்தான். "சியோனே, நிறுத்துடா. உள்ள ஆள் இருக்கான்டா."

சியோனே பிரேக்கை அழுத்தியதில் பாதி மெர்வ் வாயிலிருந்து தன் பெயரைக் கேட்ட அதிர்ச்சி. வண்டி குலுங்கி நின்றது, கழிப்பறைக்குள் இருந்த நீல மருந்துத் தண்ணீர் தளும்பியது. கதவு திறந்தது. ஊர் மேயர் வாரிக் ஸ்டேப்பிள்டன் இடுப்புவரை நீலமாக இறங்கி வந்தார்.

"யாரு இங்க பொறுப்பு?"

இரண்டு ஓட்டுநர்களும் ஒரே சமயத்தில் டீகனைக் காட்டினார்கள். டீகன் ஓடிவந்து நின்றாள். பழியைத் தலைவன் சுமக்க வேண்டும் என்று அவளே தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். எழுதும்போது எதிரில் நீலக் கால்சட்டையோடு யாரும் நிற்கவில்லை.

"நான்தான் சார்" என்றாள்.

மேயர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் காரை நோக்கி நடந்தார். அவருடைய காலணிகள் சளக் சளக்கென்றன.

டீகன் லாரிக்குப் பின்னால் போய் அழுதாள். மறுபக்கத்தில் இரண்டு பேரும் அவளை வறுத்தெடுப்பது நன்றாகவே கேட்டது.

"கேக்கக் கூடாதாம்ல."

"கேக்கு குடுத்தே கவுத்துட்டா" என்றான் சியோனே.

"க்ளெனிஸ் இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?"

"ஆயிருக்காது." சியோனே லாரிமேல் சாய்ந்துகொண்டான். பிறகு, "அந்தப் பன்னி நல்லா வெந்திருந்துச்சு, தெரியுமா?"

"தெரியும். டயர்ல ஒட்டிட்டு வந்ததை என் நாய் நக்கி நக்கித் தின்னுச்சு. அப்புறம் ஒரு வாரம் வீட்டுச் சோத்தைத் தொடல."

முதலில் சியோனே சிரித்தான். லாரியே ஆடியது. மெர்வ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தப்புதான்டா" என்றான். டீகன் அழுகையை நிறுத்திவிட்டு, மூக்கைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் க்ளெனிஸ் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"ரெண்டு பேரும் உன்னைத் திட்ட போன் பண்ணாங்க. ஒரே போன்ல, மாத்தி மாத்தி. அவங்களைச் சேத்துவைக்க நானும் கெஞ்சிப் பாத்தேன், மிரட்டிப் பாத்தேன், பாதிரியாரைக் கூட்டிட்டு வந்தும் பாத்தேன். ஒண்ணும் நடக்கல. உம்மேல இருக்கற கடுப்புல சேந்துட்டானுங்க. இது எந்தக் கோட்பாடு?"

"பாடத்துல இல்லை."

"அப்ப சேக்கச் சொல்லு."

திங்கட்கிழமை டீகன் மன்னிப்புக் கேட்க மேயர் அலுவலகத்துக்குப் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கணுக்காலில் நீலம் இன்னும் போகவில்லை.

"விழாக் குழுக்காரங்க என்னைக் காளைமேல உக்கார வைச்சு போட்டோ எடுக்கத் தேடிட்டு இருந்தாங்க. அதான் உள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டேன். கதவு தட்டினப்பவும் அவங்கதான்னு மூச்சுக் காட்டல."

"வண்டி நகர்ந்ததும் பயந்துட்டீங்களா சார்?"

"கத்தினேன், இடிச்சேன். அப்புறம் எங்க போகுதோ போகட்டும்னு உக்காந்துட்டேன். பதவிக்கு வந்த பிறகு அவ்வளவு நேரம் என்கிட்ட எவனும் எதுவும் கேக்காம இருந்ததே இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் பட்ஜெட் கூட்டம் வருது. கட்டடத்துக்குப் பின்னால உங்க கழிப்பறை ஒண்ணு கொண்டாந்து வைக்க முடியுமா? பொதுமக்களுக்கு இல்ல."

டீகன் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.