தூங்காத பலகையைச் சுற்றி ஒரு வேலி

"நக்கோம்மா, வேணாம். எட்டு வருஷமா ஓடுற ப்ரோக்ராம் கோடு. கை வைக்காதே."

"ஓடலீங்க சார். யாரும் ஓட்டிப் பாக்கலைங்க, அவ்ளோதான்."

1

இந்தக் கதை இப்படித்தான் என் காதில் விழுந்தது. இடம் மல்லாபூர், லிஃப்டில் மாடி எண் காட்டும் மின்பலகை செய்யும் கம்பெனி. பேசியவர்கள் முன் வரிசை திருநாவுக்கரசு சாரும், புதிதாய்ச் சேர்ந்த தாரிணியும். நான் அங்கே கையேடு எழுதுகிறவன். இழுப்பறையில் மொழிபெயர்ப்பு நாவல்கள் வைத்திருப்பவன். (முதல் வரைவு பனி கொட்டும் ரயில் நிலையத்தில் தொடங்கியது. அடித்துவிட்டேன்.)

2

பலகையை இயக்கும் டிரைவர் நிரலில், அதைத் தூங்கவைத்து எழுப்பும் பகுதி ஒன்று உண்டு. 'தூக்கம் தேவையென்றால் மட்டும்' என்று சார் அதைச் சுற்றி நிபந்தனை வேலி போட்டிருந்தார். எங்கள் பலகைகள் தூங்குவதே இல்லை. ஆகவே நிரலைப் படித்து இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வேலிக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை.

இப்போது பேட்டரி மாடல் வருகிறது. தாரிணி வேலிகளைப் பிடுங்கி ஒற்றை வரி போட்டாள்: கம்பைலர் எல்லாவற்றையும் படிக்கட்டும், வேண்டாததை அதுவே கழித்துக்கொள்ளட்டும். உடனே நான்கு பிழைகள்.

"அரே, உடைச்சிட்டே பாரு!"

"நானுங்களா? வெளிய ஃபங்ஷன் பேரை மாத்துனீங்க, வேலிக்குள்ள மாத்த மறந்துட்டீங்க. ரெண்டாயிரத்துப் பதினெட்டுலீங்க. தேதியோட இருக்குதுங்க."

சார் உள்ளுக்குள் எட்டு வருடத் தனிமையோடு... வேண்டாம். சாருக்குத் தனிமையே கிடையாது. தினமும் வரிசைக்கே மிர்ச்சி பஜ்ஜி வாங்கித் தருகிறவரை வில்லனாக்க என்னால் முடியவில்லை.

3

ஐந்து மணிக்குள் சார் ஒப்புதல் தராவிட்டால் தாரிணியின் முதல் மாற்றம் இந்த வெளியீட்டில் சேராது. பேட்டரிப் பலகை தூங்கத் தெரியாமலே கடைக்குப் போகும். ஒரே நாளில் சார்ஜ் தீரும்.

முடிவு அ: சார் சிரித்துக்கொண்டே ஒப்புதல் தருகிறார்.

முடிவு ஆ: "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று பையை எடுக்கிறார்.

'மகிழ்ச்சியை விரும்பும் வாசகருக்கு மட்டும்' என்று முதலில் அ-வைச் சுற்றி வேலி போட்டிருந்தேன். தாரிணியைப் பார்த்தபின் எடுத்துவிட்டேன். இரண்டையும் படியுங்கள். வேண்டாததை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

4

நிஜத்தில் மணி நாலு ஐம்பது. சார் கண்ணாடியைத் துடைக்கிறார். துடைத்ததையே மறுபடி துடைக்கிறார். தாரிணி திரையை அவர் பக்கம் திருப்புகிறாள்.

"நாலையும் சரி பண்ணிட்டேனுங்க சார். யாரு திருத்துனாங்கன்னுதான் எழுதியிருக்கேன், யாரு மறந்தாங்கன்னு எழுதலை. ஒருக்கா படிச்சுப் பாத்துட்டு, ஓகே போட்டுருங்களேன்."