பென் டிரைவில் கேட்ட பந்திப் பேச்சு

சுப்புராமனுக்கு எந்தப் பொருளையும் நம்பும் பழக்கம் கிடையாது. ஆபீசில் அவர் வேலையே குழாய்களின் வெல்டிங்கில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுவதுதான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தேடல் நிற்காது. குக்கர் வாங்கினால் வெறும் தண்ணீரை ஊற்றி விசில் அடிக்க வைத்துப் பார்ப்பார். குடை வாங்கினால் குளியலறையில் ஷவருக்கடியில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெண் பார்க்க வந்த அன்று தன்னை மட்டும் இந்த மனுஷர் எப்படிச் சோதிக்காமல் விட்டார் என்று அவர் மனைவி வசுமதிக்கு ரொம்ப நாள் ஆச்சரியமாக இருந்தது. "அவர் எங்கடி உன்னைப் பார்த்தார்? பஜ்ஜிக்குள்ள வாழைக்காய் வெந்திருக்கான்னு பிட்டுப் பார்த்துக்கிட்டிருந்தார்" என்று அவள் அம்மா பிறகு சொன்னாள்.

2008இல் அவர் கையில் ஒரு பென் டிரைவ் சிக்கியது. பாதுகாப்பு வாரத்தில் தான் ஆற்றிய உரைகளின் வீடியோவைச் சென்னைக்கு எடுத்துப்போக வேண்டும் என்று, புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஹயாத் பாஷாவிடம் எட்டு ஜிபி ஒன்று வாங்கி வந்திருந்தார். அந்த உரைகளைச் சென்னையில் யார் கேட்டார்கள் என்று வசுமதி விசாரிக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சில கேள்விகளை அவள் விட்டுவிட்டாள்.

"மார்க்கெட்ல பூரா டுபாக்கூர் பென் டிரைவ் வருதாம், வசு. மேல எட்டுன்னு போட்டிருக்கும், உள்ள ரெண்டுகூட இருக்காது. எவ்வளவு காப்பி பண்ணினாலும் வாங்கிக்கும். ஃபைல் பேரெல்லாம் வரிசையா காட்டும். திறந்தாத்தான் சாயம் வெளுக்கும்."

"சரி, அதுக்கு இப்ப என்ன?"

"ரொப்பணும். கழுத்து வரைக்கும் ரொப்பிட்டு ஒவ்வொண்ணா ஓட்டிப் பார்க்கணும்."

ரொப்புவதற்குக் கம்ப்யூட்டரில் பெரிய சைஸில் என்ன இருக்கிறது என்று தேடினார். முதலில் அகப்பட்டது அவருடைய தம்பி ஹரிகிருஷ்ணனின் கல்யாண வீடியோ, மூன்று டிஸ்க். டிஸ்க்கெல்லாம் கீறல் விழுகிறது என்று முன்பே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார்கள். அது போனதும் தன் உரைகளை ஏற்றினார். டிரைவ் நிரம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையைப் பங்கு பிரித்தார். "நீ கல்யாணத்தைப் பாரு. என் ஸ்பீச் எல்லாம் நான் பாத்துக்கறேன். எங்கயாவது படம் உடைஞ்சா, சத்தம் கட்டானா என்னைக் கூப்பிடு." சொல்லிவிட்டு மீன் வாங்கப் போனார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து அவர் வாங்கித் திரும்ப எப்படியும் நேரமாகும்.

வசுமதி வெங்காயத்தை உரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அந்தக் கல்யாணத்தைப் பற்றி அவளுக்கு ஒரு காயம் உண்டு. வரவேற்பு மேடையில் மணப்பெண் ஸ்ரீதேவியைப் பாடச் சொன்னார்கள். அவளும் பாடினாள். பந்தி முடிவதற்குள், 'கலவை மிஷின்ல ஜல்லியைப் போட்ட மாதிரி பாடறா' என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொன்னதாகப் பெண்ணின் காதுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டில் பாட்டுத் தெரிந்தவள் வசுமதி ஒருத்திதான். வாயும் கொஞ்சம் நீளம். வேறு சாட்சி எதற்கு? அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக ஸ்ரீதேவி அவளிடம் "வாங்க", "சாப்பிடுங்க" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. அதற்குப் பிறகு பாடியதும் இல்லை. "சொல்லலைன்னாலும் ஒரு சாரி சொல்லிடேன், குடும்பம் நல்லாயிருக்கும்" என்று சுப்புராமன் நச்சரித்ததில், ஒரு பொங்கலன்று வசுமதி செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பும் கேட்டிருந்தாள்.

முதல் டிஸ்க், இரண்டாவது டிஸ்க் இரண்டும் சினிமாப் பாட்டாகவே ஓடின. வீட்டில் யாரும் அதுவரை பொறுமையாகப் பார்த்திராத மூன்றாவதற்கு வரும்போது வீடியோக்காரருக்குப் பாட்டு தீர்ந்துவிட்டதோ பொறுமை தீர்ந்துவிட்டதோ, ஒரிஜினல் சத்தத்தை அப்படியே விட்டிருந்தார். சாப்பாட்டுக்கூடம் வந்தது. கேமராவை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு அவரும் சாப்பிடப் போயிருக்க வேண்டும். படத்தில் அரை இலை, ஒரு பாயச டம்ளர், இரண்டு முகம்.

ஒரு முகம் பேசியது. "என்னடா ஹரி, உன் பொண்டாட்டி பாடறது கலவை மிஷின்ல ஜல்லியைப் போட்ட மாதிரி இருக்கு!"

இன்னொரு முகம் பாயசம் புரையேறச் சிரித்தது. "மெதுவாண்ணே. இனிமே தினம் நான்தானே கேக்கணும்!"

வசுமதியின் கையிலிருந்த வெங்காயம் கட்டிலுக்கடியில் உருண்டு போயிற்று. பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினாள். படம் உடையவில்லை. சத்தம் கட்டாகவில்லை.

சுப்புராமன் மீன் பையோடு உள்ளே வந்தார். "எப்படி? ஏதாவது ஃபால்ட் இருந்துச்சா?"

"இருக்கு. உக்காருங்க."

பார்த்தார். பாயச டம்ளருக்குப் பின்னால் தன் முகத்தைப் பார்த்தார். பை கையிலேயே இருந்தது.

"வசு, இது ஆடியோ கரப்ட் ஆகியிருக்கு."

"அப்படியா?"

"டூப்ளிகேட் டிரைவ்ல இப்படித்தான் ஆகும். ஒரு இடத்துச் சத்தம் இன்னொரு இடத்துல போய் உக்காந்துக்கும். வாய் அசையறது பாரு, சேரவே இல்ல."

"ஜல்லின்னு சொல்லும்போது நல்லா சேருது."

"இதை இப்பவே அந்த பாஷா மூஞ்சில எறிஞ்சிட்டு வரேன்!" என்று டிரைவைப் பிடுங்கிக்கொண்டு செருப்பை மாட்டினார். வசுமதி மீனை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அவர் பின்னாலேயே நடந்தாள். வர வேண்டாம் என்றார் அவர். அவள் நடையை எட்டிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு நெரிசலாக இருந்தது. ஹயாத் பாஷா கல்லாவில் இருந்தார். அவர் மனைவி ஜெய்புன்னிசா ஒரு கஸ்டமருக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் எல்லம்மாள் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பென் டிரைவ் டுபாக்கூர், பாய். மாத்திக் குடுங்க."

ஹயாத் பாஷாவுக்குச் சுருக்கென்றது. "இன்னா சார் இப்டி சொல்ற? கடைல ஆளுங்க கீறாங்க, பாத்துப் பேசு. எந்த ஃபைலு ஓடல?"

"அது... பொதுவா சரியில்ல."

"பொதுவான்னா? ஒரு ஃபைலு பேரச் சொல்லு சார்."

"மூணாவது டிஸ்க், பாய்" என்றாள் வசுமதி.

"வசு!"

ஹயாத் பாஷா டிரைவைச் செருகினார். கடையின் மானம் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டதால், விற்பனைக்கு வைத்திருந்த பெரிய ஸ்பீக்கர்களில் இணைத்து, தெருவுக்கே கேட்கட்டும் என்று சத்தத்தைத் திருகினார். வசுமதி இடத்தைக் காட்டிக் கொடுத்தாள்.

கலவை மிஷினும் ஜல்லியும் கடைத்தெருவின் கடைசி வரை போயின. தொடர்ந்து ஹரிகிருஷ்ணனின் சிரிப்பும் போயிற்று. ஜெராக்ஸ் மிஷின் நின்றது.

"இன்னா சார் கொறை?" என்றார் ஹயாத் பாஷா வெற்றியோடு. "தண்ணி மாரி கிளியரா கீது! இன்னொருவாட்டி போடட்டா?"

"வேண்டாம்" என்றார் சுப்புராமன்.

"போடு பாய்" என்றாள் எல்லம்மாள் வாசலிலிருந்து. "எனுக்குப் பாதிதான் கேட்டுச்சு."

மறுபடி போட்டார். எல்லம்மாள் எழுந்து வந்து திரையையும் சுப்புராமனையும் மாறி மாறிப் பார்த்தாள். "யோவ், நீ தானா அது? என் மீனுலதான் நொள்ள சொல்றேன்னு நெனச்சன். கல்யாணப் பொண்ணையும் வுடலியா?" ஜெய்புன்னிசா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது.

அவமானத்தில் சுப்புராமனுக்குக் கடைசியாக ஒரு யோசனை வந்தது. "மத்த ஃபைலைத் திறங்க" என்றார். ஹயாத் பாஷா அவருடைய முதல் உரையை அழுத்தினார். திறக்கவில்லை. அடுத்ததும் திறக்கவில்லை. கழுத்து வரை ரொப்பிய பாதுகாப்பு உரைகள் ஒன்றுகூட உயிரோடு இல்லை. டிரைவ் டுபாக்கூர்தான். கல்யாணத்தை மட்டும் ஒழுங்காக வாங்கி வைத்துக்கொண்டு மீதியை விழுங்கியிருந்தது.

"பார்த்தீங்களா! நான் சொன்னேன் இல்ல!" என்று சுப்புராமன் துள்ளினார். அன்று அவருக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

ஹயாத் பாஷாவின் முகம் விழுந்துவிட்டது. "ஏமாந்துட்டன் சார். மொத்தமா வாங்குன சரக்கு. வேற நல்லதா தரேன், அத்த குடு."

வசுமதி டிரைவைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "அவருக்குப் புதுசு குடுங்க பாய். இது எனக்கு வேணும்."

"இது வேஸ்ட்டுமா!"

"எனக்கு இது போதும்."

அங்கிருந்து நேரே பஸ் ஸ்டாண்டு. ஹரிகிருஷ்ணன் வீடு திருப்போரூரில், கோயிலுக்குப் பின்தெருவில். வழியெல்லாம் சுப்புராமன் தத்துவம் பேசிப் பார்த்தார். பழசைக் கிளறக் கூடாது என்றார். எல்லாரும் சந்தோஷமாகத்தானே இருக்கிறோம் என்றார். வசுமதி ஜன்னல் வழியே மனை விற்பனைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஸ்ரீதேவி கதவைத் திறந்து "வாங்க" என்றாள். வசுமதிக்கென்று வைத்திருந்த இரண்டு வார்த்தையில் முதலாவது அது.

"உங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணு காட்டணும், ஸ்ரீதேவி. சாப்பாடெல்லாம் அப்புறம்."

நால்வரும் பார்த்தார்கள். மாமா சுப்புராமனின் முகம் பேசியபோது ஸ்ரீதேவி அசையவில்லை. தன் புருஷன் சிரித்தபோதுதான் மெதுவாகத் திரும்பினாள். ஹரிகிருஷ்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குத் தெரியும்."

"அது... சும்மா ஜோக்கு..."

"ஒன்பது வருஷம். அக்கா என்கிட்ட மன்னிப்புக் கேட்டப்ப பக்கத்துல நின்னு வடை தின்னுக்கிட்டிருந்தீங்க."

ஹரிகிருஷ்ணன் அண்ணனைப் பார்த்தான். சுப்புராமன் புது பென் டிரைவின் அட்டையைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீதேவி உள்ளே போனாள், புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "அக்கா, மாமல்லபுரம் வரை போய்ட்டு வரலாமா? இங்க மூச்சு முட்டுது."

கடற்கரையில் காற்று பலமாக இருந்தது. பொரித்த மீனை ஆளுக்கொரு தட்டு வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஸ்ரீதேவி, கேட்காமலே, அன்று மேடையில் பாடிய அதே பாட்டை மெதுவாக ஆரம்பித்தாள். வசுமதி கேட்டாள். சுருதி ஒரு பக்கம் போயிற்று, தாளம் இன்னொரு பக்கம். பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறியது. தன் புருஷன் வாழ்க்கையில் செய்த சோதனைகளில் ஒன்றாவது சரியாக இருந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"எப்படிக்கா இருக்கு? உண்மையைச் சொல்லுங்க."

வசுமதி மீன் முள்ளை எடுத்துப் போட்டாள். "ரொம்ப மோசம்."

ஸ்ரீதேவி வெடித்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா. ஸ்கூல்லயே தெரியும்."

"அப்புறம் எதுக்குடி ஒன்பது வருஷம் என்னைக் கொன்னே?"

ஸ்ரீதேவி சிரிப்பை நிறுத்தினாள். "அன்னைக்கு மேடைக்கு முன்னாடி நீங்க பாடினதைக் கேட்டேன். இந்த வீட்டுல இவங்கதான் நமக்குச் சேக்காளின்னு நினைச்சேன். உடனே அந்தப் பேச்சு காதுல விழுந்துச்சு. மாமா சொன்னார்னு தெரிஞ்சிருந்தா போடான்னு விட்டிருப்பேன்."

வசுமதி தன் தட்டிலிருந்த கடைசித் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். ஸ்ரீதேவியின் செல்போன் அடித்தது. ஹரிகிருஷ்ணன். அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு வசுமதியின் போன் அடித்தது.

"எடுக்கணுமா?" என்றாள் ஸ்ரீதேவி.

"ஓயட்டும். நீ அந்தச் சரணத்தை மறுபடி ஆரம்பி. ஏறுற இடத்துல நான் கூடப் பாடறேன்."