கரண்டிச் சத்தம்

விடிவதற்கு முன்பே விறகு வந்து இறங்கிவிட்டது. பின்வாசலில் கொட்டிக் கிடந்த கட்டைகளை அண்ணியும் நாத்தனாரும் மார்போடு அணைத்து உள்ளே சுமந்தார்கள். எல்லாம் ஈரக் கட்டை. கனம் தோளை இழுத்தது. சிராய் சட்டைக் கையைத் தாண்டித் தோலில் ஏறியது.

"ஈரமா அனுப்பியிருக்கான் பாருங்க அண்ணி. இது பத்துறதுக்குள்ள எனக்கு நரை விழுந்துடும்."

"வாயை வச்சு ஊது. உன் வாய்க்கு ஈரக் கட்டையெல்லாம் ஒரு பொருட்டா?"

நாத்தனார் சிரித்தாள். ஒரு காலத்தில் இருவரும் எலியும் பூனையுமாக இருந்தவர்கள்தான். அண்ணி தான் வேலை பார்த்த இடத்திலேயே அவளையும் சேர்த்துவிட்டாள். இருட்டோடு எழுந்து ஒரே சமையலறையில் நின்ற பிறகு, வீட்டுக்குப் போய்ச் சண்டை போட இருவருக்கும் தெம்பில்லாமல் போய்விட்டது. நாத்தனார் வாய் ஓயாமல் ‘அண்ணி’ என்று கூப்பிட்டதில், அறுபதைத் தொட்ட சமையல் மாஸ்டருக்கும் காய் வெட்டுகிறவனுக்கும்கூட அவள் அண்ணியாகிவிட்டாள்.

அது ஒரு ஒயின் பார். மத்தியதரைக் கடலோரத்துச் சாப்பாடு என்று வாசல் பலகை சொல்லும். சமையலறையில் இருந்த நாலு பேரும் அந்தக் கடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ‘பிரஞ்ச்’ என்கிற காலை-மதிய விருந்து. காலைச் சாப்பாட்டைத் தூங்கித் தவறவிட்டவர்கள் பதினோரு மணிக்கு வந்து, மதியச் சாப்பாட்டையும் அதோடு சேர்த்து, கோப்பை கோப்பையாக ஒயினோடு உள்ளே தள்ளுவார்கள். கொண்டைக்கடலை விழுது, சுட்ட கத்தரிக்காய், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ஆலிவ். எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்ளச் சுடச்சுட ரொட்டி வேண்டும். ரொட்டி சுடுவது நாத்தனார் வேலை. விறகடுப்பின் வாயில் நின்று, உள்ளங்கையால் மாவைத் தட்டித் தட்டி, ஒரு காலைக்கு இருநூறு ரொட்டி எடுப்பாள். கோப்பை கழுவுவது அண்ணி.

அடுப்பின் புகையையும் வெக்கையையும் இழுத்துத் தள்ள ஒரு பெரிய எக்ஸாஸ்ட் விசிறி உண்டு. அதன் வாய், விருந்தினர் உட்காரும் முற்றத்துக்கு மேலே கூரையோரம் திறந்தது. அதுதான் வினை. ஞாயிறுதோறும் வரும் பாட்டுக்காரர் கிட்டாரோடு பாடும்போது விசிறியின் இரைச்சல் இடைஞ்சலாக இருக்கிறது என்று யாரோ ஒரு பெரிய மனிதர் முகம் சுளித்தார். முதலாளி உடனே விசிறியின் சுவிட்சை ஒயின் அலமாரிப் பக்கம் ஒரு பெட்டிக்குள் மாற்றிப் பூட்டிக்கொண்டார். பாட்டு தொடங்கினால் விசிறி நிற்கும். அப்புறம் மூன்று மணி நேரம் உள்ளே இருப்பவர்களும் கத்தரிக்காயோடு சேர்ந்து வேகவேண்டியதுதான்.

விசிறி நின்ற நொடியில் காற்றின் இழுப்பு அறுந்து, அடுப்புக்குள் இருக்கும் நெருப்பு வாய் வழியாக வெளியே எகிறும். முதல் வாரமே நாத்தனாரின் புருவம் பொசுங்கியது. அதற்குச் சமையலறை தானே ஒரு வழி கண்டுபிடித்தது. கோப்பை கழுவும் இடத்துச் சிறு ஜன்னலில் ஒயின் அலமாரி தெரியும். முதலாளி சாவியை எடுத்தவுடன் அண்ணி கரண்டியால் தகரத் தொட்டியில் மூன்று முறை தட்டுவாள். நாத்தனார் போட்டது போட்டபடி இரண்டடி பின்னால் நகர்ந்துகொள்வாள். நெருப்பு வெளியே வந்து அடங்கியதும் மறுபடி வேலை. இரண்டு வருஷமாக இது ஒரு ஞாயிறுகூடத் தப்பியதில்லை. தங்கள் சாமர்த்தியத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த ஞாயிறு ஒரு பிறந்தநாள் கூட்டம் அரை மணி முன்பாகவே வந்துவிட்டது. பாட்டுக்காரரை அவசரப்படுத்தி உட்கார வைத்தார்கள். அண்ணியின் இரண்டு கையிலும், அப்போதுதான் உதட்டுச்சாயம் போகத் துடைத்த முந்தின இரவுக் கோப்பைகள் நிறைந்த கூடை. ஜன்னலைப் பார்த்தபோது சாவி பூட்டுக்குள் போய்விட்டிருந்தது. கூடையை வைத்துவிட்டுக் கரண்டியை எடுக்கலாம் என்று கழுவும் மேடைக்குப் போனாள். மூன்றே எட்டுதான். அதற்குள் அலறல் கேட்டது.

மாஸ்டர் ஓடிவந்து நாத்தனாரின் வலது கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தார். முதலாளி வந்து பார்த்தார். விருந்தினர் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போகச் சொன்னார். முற்றத்தில் பிறந்தநாள் பாட்டுப் பாடிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளங்கையும் மணிக்கட்டும் வெந்திருந்தன. விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வேலையிடத்தில் பட்ட காயம் என்று சீட்டிலும் எழுதினார்.

அன்றிலிருந்து அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. கையில் இருந்த கூடையைக் கீழே போட்டிருந்தாலே போதும். அந்தச் சத்தத்துக்கே நாத்தனார் விலகியிருப்பாள். கோப்பை உடையக் கூடாது என்று ஒரு கணம் நினைத்த தன் புத்தியை அவள் செருப்பாலடிக்காத குறை. காலையில் நாத்தனாருக்குத் தலை வாரி, சோற்றைப் பிசைந்து ஊட்டியும் விட்டாள். புருஷன் தங்கையின் கைக்கட்டைப் பார்ப்பான், பிறகு மனைவியைப் பார்ப்பான், எழுந்து போய்விடுவான். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

வியாழக்கிழமை முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"உட்காரும்மா. நாமெல்லாம் ஒரே குடும்பம்."

அறையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"கரண்டியால தட்டுறது யாரு வேலை?"

"என் வேலைங்க."

"அன்னைக்குத் தட்டினியா?"

"இல்லீங்க."

"அப்ப தப்பு யாரோடது? நான் ஒண்ணும் சொல்லல. நீயே சொல்லு."

அவர் ஒரு காகிதத்தை நகர்த்தினார். கோப்பை கழுவுபவர் எச்சரிக்கத் தவறியதாலும் ரொட்டி சுடுபவர் கவனக்குறைவாலும் விபத்து நடந்தது என்று அதில் இருந்தது. விசிறியைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை.

"ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துட்டு யாராவது விசாரிக்க வருவாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போட்டா உன் வேலை உனக்கு. கை சரியானதும் அவளும் வரட்டும்."

"சரியாகலைன்னா?"

"நல்லதையே நினைம்மா."

சனிக்கிழமை மத்தியானம், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அவர்கள் கூடினார்கள். காகிதத்தை நடுவில் வைத்துவிட்டு அண்ணியே முதலில் பேசினாள்.

"நான் போட்டுடறேன் மாஸ்டர். என் வரைக்கும் அதுல பொய்யில்லையே. நான் தட்டலதான்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாரு. நீங்க சோறு வடிச்சுக் குடுக்குறீங்களே அண்ணி!" என்றான் காய் வெட்டுகிறவன்.

"வேற என்ன செய்யச் சொல்றே? நாம நாலு பேரு முறைச்சுக்கிட்டா, நாளைக்கு இந்த வேலைக்கு நாப்பது பேரு வாசல்ல நிப்பான்," என்றாள் அண்ணி.

"நிப்பான். அவனுக்கும் தோல்தான் போத்தியிருக்கு. நெருப்பு அவனையும் சுடும்."

மாஸ்டர் தலை குனிந்தபடியே இருந்தார். முடிக்க வேண்டிய மகளின் கல்யாணம் அவர் தலைக்குமேல் நின்றுகொண்டிருந்தது. இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான் என்ற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் இருந்த பயம்தான் அது.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த நாத்தனார்தான் பேசினாள்.

"அண்ணி, நீங்க தட்டாதது ஒரே ஒரு நாளு. அதை நினைச்சே சாகுறீங்க. தட்டின நாளையெல்லாம் நினைச்சுப் பாருங்க. நாம தட்டித் தட்டி, விசிறியை நிறுத்தினா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு அவருக்குப் பழக்கிக் குடுத்துட்டோம்."

மாஸ்டர் தலை நிமிர்ந்தார்.

"கரண்டி யோசனை என்னோடதும்மா. முதல் நாளே கரண்டியைக் கீழ வச்சுட்டு, விசிறியைப் போடுன்னு கேட்டிருக்கணும். பயந்தேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு." காகிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "விசிறி நின்னா அடுப்பும் நிக்கும். நாளையிலேர்ந்து அவ்வளவுதான்."

ஞாயிறு காலை முற்றம் நிரம்பியது. பதினோரு மணிக்குக் கிட்டார் ஒலித்தது. ஜன்னல் வழியாக அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலாளி சாவியை எடுத்தார். அவள் கை தானாகக் கரண்டிக்குப் போனது. இழுத்துக்கொண்டாள். ரொட்டி அடுப்பில் மாஸ்டர் முன்பே நெருப்புக் கங்குகளை வாரிச் சாம்பலில் மூடியிருந்தார். விசிறியின் இரைச்சல் தேய்ந்து நின்றதும், காய் வெட்டுகிறவன் மற்ற கேஸ் அடுப்புகளை ஒவ்வொன்றாகத் திருகி அணைத்தான். சமையலறை இவ்வளவு அமைதியாக இருந்து அண்ணி கேட்டதேயில்லை. பின்வாசலில் காத்திருந்த நாத்தனார் உள்ளே வந்து அவளோடு சேர்ந்துகொண்டாள்.

நாலு பேரும் முற்றத்துக்குள் போனார்கள். அந்தக் கதவைத் தாண்ட அவர்களுக்கு என்றைக்கும் அனுமதி இருந்ததில்லை. வியர்வையும் கரியும் மாவும் அப்பிய அவர்களைக் கண்டு, கோப்பையைத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன.

முதலாளி சிரித்த முகம் மாறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். "யாரைக் கேட்டு இங்க வந்தீங்க? உள்ள போங்க!"

"விசிறியைப் போடுங்க. போறோம்," என்றார் மாஸ்டர்.

"பாட்டு நடக்குது, கண்ணு தெரியல?"

பாட்டு நின்றது. பாட்டுக்காரர் நாத்தனாரின் கைக்கட்டைப் பார்த்தார்.

"என் பாட்டுக்காகவா அதை நிறுத்துறீங்க? எனக்கு யாருமே சொல்லலையே."

கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து வந்து மாஸ்டர் பக்கத்தில் நின்றார். அவருக்கும் அது அன்றன்றைக்குக் கிடைக்கிற பிழைப்பு.

ஐந்து பேரில் யாரை அடித்தால் மற்றவர்கள் கலைவார்கள் என்று முதலாளிக்குத் தெரியும். அண்ணியின் பக்கம் திரும்பி, எல்லா மேசைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்தப் பொண்ணு கை வெந்ததுக்குக் காரணமே நீதானேம்மா? நீ தட்டியிருந்தா இது நடந்திருக்குமா?"

மேசைகளெல்லாம் அண்ணியைத் திரும்பிப் பார்த்தன. நாத்தனாரின் இடது கை அவள் கையைத் தேடி வந்து இறுக்கிப் பிடித்தது.

"ஆமாங்க, நான்தான் தட்டல," என்றாள் அண்ணி. அதோடு நிறுத்தவில்லை. "இனிமேலும் தட்ட மாட்டேன்."

விசிறிப் பெட்டியின் சாவி முதலாளியின் கையில்தான் இருந்தது. ஐந்து பேரும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.